யாருடைய முடியாது

பேராசிரியர் ஜெபராணியிடம் ஒரு சீடர் இருந்தார். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அதில் இரண்டு பேருக்குமே வருத்தம் இல்லை.

சீடரின் பெயர் ஆவுடையப்பன். பாலிடெக்னிக்கில் பல வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, தானும் ஒரு டாக்டர் பட்டம் வாங்கிவிடுவது என்று கிளம்பி வந்தார். ஜெபராணி அவரை ‘சார்’ என்பார். அவர் ஜெபராணியை ‘மேடம்’ என்பார். திட்டு விழும்போதும் அந்த ‘சார்’ மட்டும் குறையாது.

இருவரும் செய்த ஆராய்ச்சியைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. இருப்பது கொஞ்சம், கேட்பவர் அதிகம் என்கிற இடத்தில் யாருக்கு எதை எப்போது கொடுப்பது என்பதுதான் கணக்கு. கையால் போட்டால் ஆயுசு போதாது. கணினி போடும். ஆனால் எப்படிப் போடுவது என்று அதற்கு ஒருவர் சொல்லித் தர வேண்டும். அந்த வித்தைதான் அவர்கள் வேலை.

அந்த வருஷம் மாவட்ட அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு கணக்கு வந்தது. டயாலிசிஸ் பிரிவு. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரம் மூன்று முறை வந்து மெஷின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். மெஷின் கொஞ்சம். ஆள் நிறைய. யார் என்றைக்கு எந்த ஷிப்டில் வருவது என்று ஒழுங்கு செய்து தரச் சொன்னார்கள். ஆவுடையப்பன் செய்து கொடுத்தார். நன்றாகவே ஓடியது.

பிறகு ஷரிபா வந்தாள்.

தையல் வேலை செய்கிறவள். நாற்பது வயதுகூட இல்லை. இங்கே இடம் இல்லாததால் பக்கத்து மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். போக அரை நாள், வர அரை நாள். மெஷினிலிருந்து எழுந்த உடம்போடு அரை நாள் பஸ் என்றால் என்னவென்று போனவர்களைக் கேட்டால் தெரியும். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளூரில் ஓர் இடம் கிடைத்தால் பிழைப்பாள்.

மருத்துவமனை கேட்டது: இன்னும் ஒருவரைச் சேர்க்க முடியுமா?

ஆவுடையப்பன் சேர்த்துப் பார்த்தார். அன்று மத்தியானம் சிரித்த முகத்தோடு ஜெபராணியின் அறைக்கு வந்தார்.

“மேடம், ஷரிபா கணக்கு முடிஞ்சுது. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பதில் சொல்லிட்டுது.”

“என்ன பதில்?”

“முடியாதுன்னு.”

“அதுக்கா சிரிக்கீங்க?”

“வேகத்தைச் சொல்லுதேன் மேடம். இவ்வளவு பெரிய கணக்கை இவ்வளவு சீக்கிரமா முடியாதுன்னு இதுவரைக்கும் எந்த புரோகிராமும் சொன்னதில்லை. கட்டுரையா எழுதினா எடுத்துக்கிடுவாங்க.”

ஜெபராணி பேனாவை மூடினார். “ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சா?”

“சூப்பரண்டுக்கு மெயில் போட்டுட்டேன்.”

“அந்தம்மாகிட்ட?”

“அது... அவங்க சொல்லிக்கிடுவாங்க.”

“கணக்குப் போட்டது நீங்க. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க.”

“நான் எதுக்கு மேடம்?”

“கட்டுரையில உங்க பேரைத்தானே போடுவீங்க? போங்க.”

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. ஆவுடையப்பன் போனார்.

டயாலிசிஸ் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சு. ஷரிபா அதில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. பாதிப் படுக்கைகளில் ஆள் இல்லை. மெஷின்களின் மேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது.

ஆவுடையப்பன் தன்னை யாரென்று சொன்னார். வந்த விஷயத்தையும் சொன்னார். பேச்சை வளர்க்கவில்லை.

ஷரிபா கண்ணாடிக்குள் பார்த்தாள். “அதெல்லாம் சும்மாதானே கிடக்கு சார்?”

“கிடக்கும்மா.”

“அப்புறம் எதனால முடியாதுங்கீங்க?”

“நிபந்தனை நிறைய இருக்கும்மா. ஒவ்வொண்ணாப் பார்த்தா முடியுத மாதிரிதான் இருக்கும். எல்லாம் சேர்ந்து வரும்போது முடியலை.”

“எது எது சேர்ந்து?”

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. “கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாச்சும்மா” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

“நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு சார். வாரேன்.”

ஆவுடையப்பன் திரும்பி வந்தபோது ஜெபராணி கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு சொன்னாங்க.”

“சரியா இருக்கா?”

ஜெபராணி சாக்பீஸை நீட்டினார்.

“உங்க கணக்குல இருக்கிற விதி எல்லாத்தையும் எழுதுங்க. ஒவ்வொரு விதிக்குப் பக்கத்துலயும் அதைச் சொன்ன ஆள் பேரையும் எழுதுங்க.”

எழுதினார். அடுத்தடுத்த நாள் வரக்கூடாது: டாக்டர். நடுவில் இரண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது: டாக்டர். மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின்: டாக்டர். ஒரு நர்ஸ் இத்தனை பேருக்கு மேல் பார்க்க முடியாது: தலைமை நர்ஸ். மலைப்பக்கத்துக்காரர்களுக்குக் காலை ஷிப்ட் ஆகாது: பஸ் இல்லை. இப்படியே போயிற்று. பலகை நிறைந்தது.

ஓர் இடத்தில் சாக்பீஸ் நின்றது.

‘திங்கட்கிழமை காலையில் வருகிறவர் வாரம் முழுதும் காலையில்தான் வர வேண்டும். மதியம் என்றால் மதியம். மாலை என்றால் மாலை.’

“இது யார் சொன்னது?” என்றார் ஜெபராணி.

“நோயாளிக்கு வசதிதானே மேடம்? ஒரே நேரம்னா ஞாபகம் இருக்கும்.”

“வசதின்னு யார் சொன்னது? நோயாளியா?”

“இல்லை.”

“நர்ஸா?”

“இல்லை.”

“பின்னே?”

ஆவுடையப்பன் சாக்பீஸைக் கையில் உருட்டினார். “நான்தான் போட்டேன். ஆரம்பத்துலயே. அது இல்லேன்னா புரோகிராம் ஓடாது மேடம். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் எந்த நேரம்னு தேட ஆரம்பிச்சா அது எங்கேயோ போயிடுது. இதைப் போட்டதும் சட்டுன்னு முடிஞ்சுது. அப்புறம் மறந்தே போச்சு. டாக்டர் சொன்னதோட அதுவும் ஒண்ணாக் கிடந்துது.”

“பேரை எழுதுங்க.”

தன் பெயரைத் தானே எழுதினார். அந்தப் பலகையில் கோணலாக விழுந்த எழுத்து அது ஒன்றுதான்.

“இப்போ அதை எடுத்துட்டுப் போடுங்க” என்றார் ஜெபராணி.

“எடுத்தா ஓடாதே மேடம்.”

“ஓட வைக்கிறதுக்குத்தானே சார் ஆராய்ச்சி?”

எடுத்தார். ஓடவில்லை. காலையில் தட்டிவிட்டுப் போனால் சாயங்காலமும் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாளும் சுற்றியது. சிலநாள் கணினி மூச்சு முட்டி நின்றே போயிற்று. பக்கத்து அறை ஆராய்ச்சி மாணவர்கள், “என்ன சார், மெஷினுக்கு டயாலிசிஸா?” என்று கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டுரை அனுப்ப வேண்டிய தேதி வந்தது. அவர் அனுப்பவில்லை. வேகமாக முடியாதென்று சொல்லும் புரோகிராமைப் பற்றி எழுத அவருக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் கேன்டீனில் ஜெபராணியிடம் புலம்பினார்.

“ஒரு ஆளுக்கு ஒரு வாரத்தை எத்தனை விதமா அமைக்கலாம் தெரியுமா மேடம்? அத்தனையையும் எழுதி, எல்லா ஆளுக்கும் எழுதி, அதுல இருந்து பொறுக்கணும். எழுதி வைக்கவே இடம் பத்தாது.”

ஜெபராணி அடுக்களைப் பக்கம் திரும்பி, “மாஸ்டர், என்ன இருக்கு?” என்றார்.

“இட்லி முடிஞ்சுது. தோசை, ரவா, ஆனியன், மசால், பொடி, எது வேணும்னாலும் சொல்லுங்க.”

“இவ்வளவும் சுட்டு வெச்சிருக்கீங்களா?”

மாஸ்டர் முறைத்தார். “சுட்டு வெச்சா யார் தின்ன? கேட்டாச் சுடுவேன்.”

“ஒரு பொடி தோசை.”

தோசை வந்தது. ஜெபராணி சாப்பிட்டார். ஆவுடையப்பன் தன் காபியைத் தொடவில்லை. தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். காபிக் காசையும் ஜெபராணியே கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் முழுப் புரோகிராமையும் கலைத்துப் போட்டார். அந்த வார அமைப்புகளை முன்கூட்டி எழுதி வைப்பதை விட்டார். ஆளுக்கு ஒன்றிரண்டு வாரத்தோடு கணக்கைத் தொடங்கினார். எங்கே இடிக்கிறது என்று கணக்கையே சொல்ல வைத்தார். அந்த இடத்துக்குத் தோதான புது வாரம் ஒன்றை அப்போதைக்கு அப்போது உண்டாக்கிக் கொடுத்தார். தோதான வாரம் இனி எதுவுமே பாக்கியில்லை என்று எப்போது நிச்சயமாகச் சொல்லலாம் என்பதுதான் கஷ்டம். அதைப் பிடிக்கத்தான் நாளாயிற்று. தவறாகப் பிடித்தார். திருத்தினார். மறுபடி தவறாகப் பிடித்தார். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். சாப்பாட்டைக் கட்டிக் கொடு என்றார்.

நடுவில் மருத்துவமனை நர்ஸ் ஒரு தடவை போன் செய்தார். ஷரிபா ஊர் திரும்பிய பஸ்ஸை விட்டு இறங்கும்போது மயங்கி விழுந்துவிட்டாளாம். நெற்றியில் தையலாம். “அவளே தையல்காரி சார், ‘நூல் நல்லாப் போடுங்க டாக்டர், பிரியக்கூடாது’ன்னு சொல்லுதா” என்றார் நர்ஸ். ஆவுடையப்பன் போனை வைத்தார். மறுநாளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு முதல் பஸ்ஸில் வந்தார்.

ஒருநாள் மத்தியானம் புரோகிராம் நின்றது. இந்தத் தடவை மூச்சு முட்டி நிற்கவில்லை. முழுக்கத் தேடி முடித்துவிட்டு நின்றது.

ஜெபராணியின் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் ஆவுடையப்பன்.

“முடியாதாம் மேடம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. நிரூபணத்தோட. என் விதியை எடுத்தாச்சு. யாரும் எந்த நேரமும் வரலாம். எல்லா வாரத்தையும் தேடியாச்சு. அந்தம்மாவுக்கு இடம் இல்லை.”

“நல்லது” என்றார் ஜெபராணி.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. குரல் உயர்ந்தது. “என்ன மேடம் நல்லது? அங்கே ஒரு பொம்பளை பஸ்ஸுல விழுந்து எந்திரிச்சிட்டு இருக்கா. நான் அன்னைக்குச் சொன்னதையே இன்னைக்கும் சொல்லப் போறேன். இதுல என்ன நல்லது?”

“இந்த முடியாதுல உங்க கை இருக்கா?”

யோசித்தார். “இல்லை.”

“அப்போ யார் கை இருக்குன்னு பாருங்க. பலகை அங்கேதான் இருக்கு.”

பலகையில் அந்த விதிகளை யாரும் அழிக்கவில்லை. ஆவுடையப்பனின் பெயர் இருந்த வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது.

அவர் எழுந்து நின்றார். ஒரு விதியை எடுத்துவிட்டுப் புரோகிராமை ஓட்டினார். அப்போதும் முடியாது என்று வந்தால், முடியாமைக்குக் காரணம் அந்த விதி இல்லை. பலகையில் அழித்தார். முடியும் என்று வந்தால், காரணத்தில் அதற்கும் பங்கு உண்டு. திரும்ப வைத்தார். மலைப்பக்கத்து பஸ் அழிந்தது. தனி மெஷின் அழிந்தது. நர்ஸ் கணக்கு அழிந்தது. ஒன்றொன்றாக அழித்துக்கொண்டே போனார். ஜெபராணி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

கடைசியில் பலகையில் நான்கு வரி நின்றது. அதில் எந்த ஒன்றை எடுத்தாலும் ஷரிபாவுக்கு இடம் உண்டு. நான்கும் சேர்ந்தால் இல்லை.

ஆவுடையப்பன் அந்த நான்கையும் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட, இவ்வளவுதானா! ஞாயிறு லீவு. வியாழக்கிழமை வந்த ஆள் திங்கள் வரைக்கும் தாங்காது. எல்லாரும் வெள்ளியிலயோ சனியிலயோ ஒரு தடவை வந்தே ஆகணும். வெள்ளி முழுசும் ஆள் இருக்கு. சனி காலையிலயும் முழுசும் ஆள் இருக்கு. அதுக்கு மேல ஒருத்தருக்கு எங்கே இடம்? செவ்வாய்க்கிழமை எத்தனை படுக்கை காலியாக் கிடந்தா என்ன? இதைக் கையாலயே போட்டிருக்கலாமே மேடம்!”

“இப்போ போடலாம்” என்றார் ஜெபராணி.

பிறகு எழுந்து வந்து பலகைக்கு எதிரே நின்றார். “முதல் வரி யாருது?”

“மெஷின் எண்ணிக்கை. சென்னையில கேக்கணும். வருஷக்கணக்காகும்.”

“ரெண்டாவது?”

“ரெண்டு நாளுக்கு மேல விடக்கூடாது. அது உடம்பு. உடம்புகிட்டப் பேச முடியாது.”

“மூணாவது?”

“சனி சாயங்காலத்துல இருந்து ஞாயிறு முழுக்க லீவு. நர்ஸுங்க ஓய்வு. ஏற்கெனவே அவங்க இடுப்பு ஒடியுது. அதுல கை வைக்கக்கூடாது.”

“நாலாவது?”

‘சனிக்கிழமை மதியம், மெஷின்களுக்குச் சுத்தத் தண்ணீர் அனுப்பும் பிளான்ட் கழுவும் நேரம். மெஷின் ஓடாது.’

ஆவுடையப்பன் அதைப் படித்தார். பக்கத்திலிருந்த பெயரையும் படித்தார்: சூப்பரண்டு. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினார். கழுவுவது செவ்வாய் மதியம் என்று போட்டு ஓட்டினார். பதில் வந்தது. ஷரிபாவுக்குச் செவ்வாய் மாலை, வியாழன் மதியம், சனி மதியம். அவருடைய பழைய விதி இருந்திருந்தால் அப்படி ஒரு வாரம் பிறந்தே இருக்காது.

எழுந்து வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டினார்.

“நானும் வரவா?” என்றார் ஜெபராணி.

“வாங்க. ஆனா நான் பேசிக்கிடுதேன்.”

மருத்துவமனை சூப்பரண்டு டாக்டர் சங்கரபாண்டியன் இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வாங்க வாத்தியாரே. உங்க மெயில் வந்ததுல இருந்து எனக்கு நிம்மதி. இதோ பாருங்க.”

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார்.

“இடம் கேட்டு யார் வந்தாலும் இதைக் காட்டிடுதேன். முன்னாடியெல்லாம் என்னை ஏசுவாங்க. இப்போ கம்ப்யூட்டரை ஏசிட்டுப் போயிடுதாங்க.”

“அந்த மெயில் தப்பு டாக்டர்” என்றார் ஆவுடையப்பன்.

“தப்பா? அப்போ முடியுமா?”

“முடியாது.”

“அதைத்தானே இதுவும் சொல்லுது?”

“இது எதனாலன்னு சொல்லலை. இப்போ நான் சொல்லுதேன்.”

நான்கு வரியையும் சொன்னார். விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். சூப்பரண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது விரல் மடங்கியதும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“சனி மதியம் மெஷின் சும்மா நிக்கலை வாத்தியாரே. பிளான்ட் கழுவுதாங்க. குழாய்க்குள்ள மருந்து ஓடுத நேரத்துல மெஷினை ஓட்டினா ஆள் செத்துப்போகும்.”

“கழுவத்தான் வேணும். சனிக்கிழமைதான் கழுவணும்னு யார் சொன்னது?”

“எப்பவும் சனிக்கிழமைதான்.”

“எப்பவும்ங்கிறது யாரு டாக்டர்? எந்த செக்‌ஷன்ல இருக்காரு?”

ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கம்பெனிக்காரன் அன்னைக்குத்தான் ஆள் அனுப்புவான்” என்றார் சூப்பரண்டு. குரலில் கொஞ்சம் காரம் ஏறியது. “நான் இந்த நாற்காலிக்கு வர்றதுக்கு முந்தியே அப்படித்தான். அவன்கூட யார் மல்லுக்கட்ட?”

“செவ்வாய் மதியம் கழுவினாப் போதும். அன்னைக்கு மதியம் வர்ற கொஞ்சப் பேரைக் காலைக்கும் சாயங்காலத்துக்கும் மாத்தலாம். வர்ற வழியில நர்ஸம்மாகிட்டக் கேட்டேன். மாத்திக்கிடலாம், யாரும் மறுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. சனி மதியம் ஷிப்டுக்கு ஆளும் இருக்காங்களாம். மெஷின்தான் ஓடாம இருக்கு.”

“அதெல்லாம் சரி. கம்பெனிக்காரன்?”

“அதுக்கு நீங்கதான்.”

சூப்பரண்டு மேசைக் கண்ணாடியைத் தட்டினார். “இந்தா, கம்ப்யூட்டரே முடியாதுன்னு சொல்லுதுன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்க. இப்போ வந்து என் தலையில கட்டுதீங்க?”

“கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலை டாக்டர். சனிக்கிழமை கழுவினா முடியாதுன்னுதான் அது சொல்லுது. சனிக்கிழமை கழுவுன்னு சொல்லுதது நீங்க.”

வாசலில் இருந்த பியூன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

“நான் தப்பாச் சொன்னேன், நீங்க நம்பினீங்க. அது என் குத்தம்” என்றார் ஆவுடையப்பன். “இனிமே அந்தத் தாளைக் காட்டாதீங்க. இடம் கேட்டு வர்றவங்ககிட்ட, நான் சனிக்கிழமையை மாத்த மாட்டேன், அதனால இடம் இல்லைன்னு சொல்லுங்க. அதுதான் உண்மை. சொல்ல முடியும்னா நாங்க எந்திரிச்சுப் போயிடுதோம்.”

சூப்பரண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். போனை எடுத்தார்.

“யாரு? ஆமா, ஆஸ்பத்திரியில இருந்துதான். பிளான்ட் கழுவுறதைச் செவ்வாய்க்கிழமைக்கு மாத்தணும்... முடியாதா? ஏன் முடியாது?... ரூட்டா? அந்த ரூட் யாருய்யா போட்டது?... மேனேஜரா? அந்த ஆள் நம்பரைக் கொடு.”

மறுபடியும் எண்களை அழுத்தினார். மேனேஜரிடம் நயமாகத் தொடங்கினார். நயம் எடுபடவில்லை. குரல் ஏறியது. வராண்டாவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு கட்டத்தில், “உங்க ஆள் வரலைன்னா வேற கம்பெனி வரும், கழுவத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானா?” என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “ம்” என்றார். போனை வைத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“அடுத்த வாரத்துல இருந்து செவ்வாய். அந்தப் பொம்பளையை வரச் சொல்லுங்க.”

கண்ணாடியைத் தூக்கி அந்தத் தாளை உருவிக் கசக்கிக் கூடையில் போட்டார். குறி தவறிக் கீழே விழுந்தது. ஜெபராணி எடுத்துக் கூடையில் போட்டார்.

வராண்டாவுக்கு வந்து ஆவுடையப்பன் ஷரிபாவுக்குப் போன் செய்தார். அவள் பஸ்ஸில் இருந்தாள். இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. விஷயம் விளங்கியதும் அவள் கேட்டாள்.

“அப்போ நான் இங்கேயே இறங்கிடட்டுமா சார்?”

“ஐயோ இறங்கிடாதீங்கம்மா! இது அடுத்த வாரத்துல இருந்துதான். இன்னைக்குப் போயிட்டு வந்துடுங்க.”

“கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, நான் இறங்கலை” என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. பக்கத்தில் யாரோ சிரிப்பதும் கேட்டது.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. ஆவுடையப்பன் எதையோ மனசுக்குள் மென்றுகொண்டே வந்தார்.

“மேடம், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“என் விதியை வெச்சுப் போட்டப்பவும் முடியாதுன்னுதான் வந்துச்சு. எடுத்துட்டுப் போட்டப்பவும் அதேதான் வந்துச்சு. அப்போ முதல் பதில் சரிதானே? சரியான பதிலைக் கையில வெச்சுக்கிட்டு இத்தனை நாள் நான் எதுக்கு மாரடிச்சேன்?”

ஜெபராணி நடையை நிறுத்தவில்லை.

“உங்க கையும் கலந்து கிடந்த அந்த முதல் பதிலை எடுத்துக்கிட்டு யார் முன்னால போய் நின்னிருப்பீங்க சார்?”

ஆவுடையப்பன் நின்றுவிட்டார்.